வாய் திறக்கும் மாடி

எங்கள் தானிய மண்டித் தெருவில் ஒரு மூட்டை கைமாற மூன்று தரப்பு சம்மதிக்க வேண்டும். விற்கிறவர் ஒன்று, வாங்குகிறவர் இரண்டு, பல்லுக்காரரின் வலது கீழ்க் கடைவாய்ப்பல் மூன்று. முதல் இரண்டு தரப்பும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசும், கோபித்துக்கொண்டு எழுந்து போவதுபோல் போகும், வாசலில் நின்று திரும்பிப் பார்க்கும், மறுபடி வந்து உட்காரும். மூன்றாவது தரப்பு ஒரு கடி கடிக்கும். அதோடு பேச்சு முடிந்தது.

பல்லுக்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். தன் மாமனாரின் மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி மாதிரி எடுத்துக் கொடுத்தால், அதில் ஒரு கடலையைப் பொறுக்கி, வலது பக்கம் ஒதுக்கி, கண்ணை மூடிக் கடிப்பார். 'டக்' என்றால் காய்ந்த சரக்கு, வாங்கலாம். 'சத்' என்றால் ஈரம், அடுக்கி வைத்தால் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இன்னும் பல சத்தங்கள் உண்டு என்பார். எங்களுக்கும்தான் பல் இருக்கிறது. நாங்களும் கடித்துப் பார்த்திருக்கிறோம். கடலை ருசி தெரிந்ததே தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு பிடிக்காத ஒரே ஆள் அவருடைய மச்சினன். படித்த பிள்ளை. தானியத்தின் ஈரத்தை அளக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து, அதற்கு ஒரு சின்ன மெத்தையும் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார்.

"அத்தான், உலகம் எங்கேயோ போயிடுச்சு. நீங்க இன்னும் சரக்கை எச்சில் பண்ணிக்கிட்டு இருக்கீங்க."

மாமனாருக்கு வாயில் இருப்பவை எல்லாம் படுக்கப் போகும்போது கழற்றித் தண்ணீரில் போடுகிறவை. ஆகவே இந்த வழக்கில் அவர் நடுநிலை வகித்தார். "அறுவடையோட முதல் லாரி வரட்டும். யார் சொல்றது சரியா இருக்கோ அவன் தராசுகிட்ட உட்காரட்டும். இன்னொருத்தன் பின்கட்டுல போய்க் காலிக் கோணி எண்ணட்டும்" என்று தீர்ப்பை ஒத்திவைத்தார்.

லாரி ஒரு காலையில் வந்து நின்றது. கொண்டைக்கடலை. மச்சினன் ஒரு பிடியை இயந்திரத்தில் போட்டார். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு, ஈரம் என்று சிவப்பு விளக்கைக் காட்டியது. தெருவே கூடி நிற்க, பல்லுக்காரர் ஒரு கடலையை வலது பக்கம் ஒதுக்கி, கண்ணை மூடி, லேசாக அழுத்தினார்.

கடலை உடையவில்லை. அதற்குள் ஈறிலிருந்து காது வரைக்கும் ஒரு கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி வலி. நாலு நாளாகவே அந்தப் பக்கம் நமநமவென்று இருந்ததைச் சம்சாரத்திடம்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். வாயிலிருந்த கடலையை முழுசாகக் கையில் எடுத்து, ஏதோ பெரிய விஷயம் போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சாதாரண சரக்கு இல்ல மாமா. கொஞ்சம் யோசிக்கணும்."

"யோசிக்கறதுக்குப் பல்லு எதுக்கு அத்தான்?" என்றார் மச்சினன்.

சரக்குக்காரர் லாரியின் நிழலில் துண்டை விரித்தார். "சாயங்காலம் கடை அடைக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன். அப்புறம் எதிர்க்கடைக்குப் போயிடுவேன். நிதானமா யோசிங்க."

மாதிரிக் கடலையில் ஒரு பிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பல்லுக்காரர் பல் டாக்டரைத் தேடிக் கிளம்பினார். ஆக அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்தப் பல் மறுபடியும் கடித்தாக வேண்டும். இல்லையென்றால் காலிக் கோணி.

தெருக்கோடியில் கண்ணாடிக் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டின் உச்சியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர் வைத்தியத்தில் மொத்தமே இரண்டு வார்த்தைதான்: "திறங்க", "துப்புங்க". இந்த இரண்டுக்கும் நடுவில் வலி எப்படியோ போய்விடும். போய்ப் பார்த்தால் பூட்டு. பலகை மாட்டியிருந்த ஆணி மட்டும் சுவரில் மிச்சம்.

"அவரை யாரோ பெரிய இடத்துக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர், இறந்தவரைப் பற்றிச் சொல்லும் குரலில்.

பிறகு எல்லோரும் செய்வதைச் செய்தார். படியில் உட்கார்ந்து கைப்பேசியில் தேடினார். பக்கத்தில் பல் டாக்டர்கள் ஏராளம் என்றது கைப்பேசி. ஒருவருக்கு ஐந்து நட்சத்திரம்: 'வண்டி நிறுத்த நல்ல வசதி.' இன்னொருவருக்கும் ஐந்து: 'மீன்தொட்டி பிரமாதம், குழந்தைகள் கிளம்ப மனசில்லாமல் கிளம்பினார்கள்.' மூன்றாமவருக்கு ஒன்றே ஒன்று: 'பல் சரியாகிவிட்டது. ஆனால் உட்கார நாற்காலி இல்லை.'

சரக்கைப் பார்த்து வாங்கிப் பழகியவன் மூன்றாமவரிடம்தான் போயிருப்பான். ஆனால் வலி வந்துவிட்டால் வியாபாரியும் வெறும் வாடிக்கையாளன் ஆகிவிடுகிறான். நட்சத்திரங்கள் எங்கே அதிகம் கொட்டிக் கிடந்தனவோ அங்கே போனார்.

ஒருங்கிணைந்த வாய்நல மேன்மை மையம். ஐந்து தளம், முழுக்கக் கண்ணாடி. பெயருக்குக் கீழே 'உங்கள் பல், எங்கள் பயணம்' என்று எழுதியிருந்தது. உள்ளே நுழைந்தால் மருந்து வாசனையே இல்லை. மல்லாந்து படுக்கலாம் போன்ற நாற்காலிகள். வரவேற்பில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் தன் பல் அத்தனையையும் காட்டினாள்.

"சொல்லுங்க சார், எந்தப் பல்லு?"

பல்லுக்காரர் கன்னத்தில் விரலை விட்டு இழுத்து வாயைத் திறந்தார்.

அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "சார்! சார்! மூடுங்க! இங்க வாயைத் திறக்கக் கூடாது."

"பல் ஆஸ்பத்திரிதானேம்மா இது?"

"அதனாலதான் சார் சொல்றேன். வாய் திறக்கறது நாலாவது மாடி. இது வரவேற்பு. முதல் மாடி புரிதல், ரெண்டாவது புன்னகை, மூணாவது உறவு. ஒவ்வொரு மாடியிலயும் சான்று வாங்கிட்டு மேல போகணும்."

"வலி உசுர் போகுது. நேரா நாலாவது மாடிக்கு..."

"போகலாம் சார். ஆனா லிஃப்ட் போகாது."

அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து, மெதுவாக வாசல்வரை நடந்து, செருப்பைத் தேடுவதுபோல் நின்று, திரும்பிப் பார்த்தார். எங்கள் தெருவில் இதற்கு மயங்காத ஆளே கிடையாது. அவள் அடுத்த ஆளைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். பல்லுக்காரர் தானே திரும்பி வந்து முதல் மாடிக்கு வழி கேட்டார். இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு அவமானம் அவருக்கு நேர்ந்ததில்லை.

முதல் மாடி ஒரு வகுப்பறை. பெஞ்சுகளில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் ஒரு தையல்காரர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"உங்களுக்கு எந்தப் பல்லுண்ணே?" என்று கேட்டார் பல்லுக்காரர்.

"இருந்தது. வகுப்புக்கு வந்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு நாள் தானா விழுந்துடுச்சு."

"அப்ப வலி?"

"அதுவும் அன்னைக்கே போயிடுச்சு."

"அப்புறம் எதுக்குண்ணே இன்னும் வர்றீங்க?"

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு தடவை பரீட்சையில ஃபெயிலுங்க. நடுவுல நிறுத்தினா ஊருல கேவலமா பேசுவாங்க."

புரிதல் ஆலோசகர் உள்ளே வந்தார். கையில் ஒரு தலையணை அளவுக்குப் பஞ்சில் செய்த பல். கண்டிப்பான அம்மாள். "சிகிச்சை தர்றதுக்கு முன்னாடி நோயாளிக்கு அதைப் புரிய வைக்கணும். இது உங்க உரிமை. உரிமையை யாரும் மறுக்க முடியாது. நீங்களும்தான்" என்று ஆரம்பித்தார். கறை, சொத்தை, வேர், ஈறு என்று பஞ்சுப் பல்லைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு சிகிச்சைக்கும் அவர் சொன்ன விளக்கம் அந்தச் சிகிச்சையைவிட அதிகமாக வலித்தது. தையல்காரர் வாய்விட்டு மனப்பாடம் செய்தார்.

பரீட்சை வாய்மொழி. உதடு மட்டும் அசைய வேண்டும், பல் தெரியக் கூடாது.

"நீங்க சொல்லுங்க, சுத்தம் செய்தல்னா என்ன?"

"முறத்துல புடைக்கிறதும்மா. கல்லும் தூசியும் போகணும். தானியம் போயிடக் கூடாது."

ஆலோசகர் புருவத்தை உயர்த்தினார். "ஃபில்லிங்?"

"கோணியில ஓட்டை விழுந்தா, அந்த இடத்தைச் சுத்தி நைஞ்சதை வெட்டிட்டு ஒட்டுப் போடறது. நேரத்துல போட்டா மூட்டை தப்பிச்சுது."

"ரூட் கேனால்?"

"ஓட்டையை விட்டுட்டோம், உள்ள வண்டு போயிடுச்சு. இப்ப மூட்டையை நிக்க வெச்சே உள்ள இருக்கற கெட்டுப்போனதை எல்லாம் சுரண்டி எடுத்து, அடி வரைக்கும் துடைச்சு, வேற ஒண்ணை அடைச்சுத் தைக்கறது. பார்த்தா மூட்டை மாதிரியே இருக்கும். ஆனா உயிர் இல்ல."

"கேப்?"

"உயிர் இல்லாத மூட்டை சீக்கிரம் பொத்துக்கும். மேல தார்ப்பாய்."

"பிரிட்ஜ்?"

"நடுக்கடை இடிஞ்சு போச்சு. ரெண்டு பக்கத்துக் கடைச் சுவரைச் செதுக்கி, மேல உத்தரத்தைப் போட்டு நடுவுல ஒரு கடை இருக்கற மாதிரி காட்டறது. பாவம், பக்கத்துக் கடைக்காரங்க."

"இம்ப்ளாண்ட்?"

"பக்கத்துக் கடையைத் தொந்தரவு பண்ணாம, காலி மனையில இரும்புத் தூண் இறக்கிப் புதுசாக் கட்டறது. மண்ணு கெட்டியா இருக்கணும்."

வகுப்பு கைதட்டியது. புரிதல் ஆலோசகர் மட்டும் கலங்கிப்போனார். "எனக்கே இப்பதான் புரியுது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, சட்டென்று சான்றில் முத்திரை குத்திக் கொடுத்தார். தையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அந்தக் கோணி விஷயத்தைத் துணி வெச்சுச் சொல்ல முடியுமா?" என்று கெஞ்சினார்.

"சட்டை கிழிஞ்சா ஒட்டு. லைனிங் கெட்டா பிரிச்சு மாத்தணும். அதான்."

தையல்காரரின் முகத்தில் வெளிச்சம் பரவியதைப் பார்த்துவிட்டுத்தான் பல்லுக்காரர் மாடி ஏறினார். சன்னலுக்கு வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

இரண்டாவது மாடியில் ஒரு இளைஞன் அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தான். அவன் புன்னகை வடிவமைப்பாளன். வாய் மூடியிருக்கும்போதே முகத்தைப் பல கோணங்களில் படம் பிடித்து, திரையில் ஏதோ தட்டி, ஒரு மனிதரைக் காட்டினான். பளீரென்று சிரித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

"யாரு தம்பி இது?"

"நீங்கதான் சார். ஆறு மாசம் கழிச்சு."

"ஆறு மாசத்துல மூக்கும் மாறிடுமா?"

"அது படத்துல தர்ற சலுகை சார். சிரிப்பு எப்படி இருக்கு?"

பல்லுக்காரர் நெருங்கிப் பார்த்தார். "தம்பி, தப்பா எடுத்துக்காதே. இந்த ஆளு எங்க மண்டியில வந்து இப்படிச் சிரிச்சா, எல்லாரும் முதல்ல தராசுத் தட்டுக்கு அடியில தடவிப் பார்ப்பாங்க."

"உங்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு சார். அதான் சிரிக்க மாட்டேங்கறீங்க."

"பல்லு வலி தம்பி. அதான் சிரிக்க மாட்டேங்கறேன்."

இளைஞன் இந்தப் பதிலைக் கேள்விப்பட்டதே இல்லை போலிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, 'சிரிப்பு: பரிசீலனையில்' என்று எழுதிச் சான்று கொடுத்தான்.

மூன்றாவது மாடி ஒரு மண்டபம். அன்றாடம் பிற்பகலில் மையத்தின் தலைமை இயக்குநர் அங்கே உறவுரை நிகழ்த்துவார். எல்லா மாடிக்காரர்களும் வந்து கேட்கலாம். தையல்காரர் முன்னாலேயே வந்து இடம் போட்டு வைத்திருந்தார். "நல்லாப் பேசுவாருண்ணே. எனக்குப் பாதி மனப்பாடம்."

இயக்குநர் ஒலிவாங்கியைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேடையில் உலாவினார். மண்டபத்தின் நாலு மூலையிலும் ஒலிபெருக்கி.

"அன்பு நண்பர்களே! நோயாளிகளேன்னு நான் கூப்பிடமாட்டேன். நோய் இருக்கான்னு யாருமே பார்க்காதபோது அப்படிக் கூப்பிடறது அநாகரிகம்."

கைதட்டல்.

"அந்தக் காலத்துல என்ன பண்ணினாங்க? பல்லு வலின்னு ஒருத்தர் வருவார். டாக்டர் வாயைத் திறந்து பார்ப்பார். சரி பண்ணிடுவார். அவர் வீட்டுக்குப் போயிடுவார். அவ்வளவுதான்! எவ்வளவு வறண்ட உறவு! இங்க வந்தவங்க யாராவது அப்படிப் போயிருக்காங்களா? ஒருத்தரைக் காட்டுங்க!"

யாரும் காட்டவில்லை.

"போன வருஷம் எங்க சிகிச்சையைப் பத்தி ஒரே ஒரு புகார்கூட வரலை. பல்லைப் பிடுங்கும்போது வலிச்சுதுன்னு ஒருத்தர் எழுந்து சொல்லட்டும், நான் இந்த மேடையை விட்டே இறங்கிடறேன்."

"அது சத்தியம்ணே" என்றார் தையல்காரர்.

"வாயைத் திறக்கறதுங்கறது அவசரப்பட்டுப் பண்ற காரியமில்ல. திறந்தா என்ன ஆகும்? உள்ள இருக்கறது தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா அப்புறம் நாம பேசறதுக்கு என்ன இருக்கு? அதனால, இன்னைக்கு மூணு சான்றும் முடிச்சவங்களுக்கு நாலாவது மாடியில அடுத்த மாசம் நேரம் ஒதுக்கியிருக்கோம். ஏதாவது சந்தேகம்?"

அடுத்த மாதம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பல்லுக்காரர் கண்முன்னால் காலிக் கோணிகள் கூரைவரை எழும்பின. எழுந்து நின்றார். அவர் கேட்டது, சரக்கு வாங்குகிற எவனும் கேட்கிற கேள்விதான். அதில் சூது எதுவும் இல்லை என்று பிற்பாடு எங்களிடம் சத்தியம் பண்ணினார். நாங்கள் பாதி நம்பினோம்.

"ஐயா, எங்க தொழில்ல மாதிரி பார்க்காம எதையும் வாங்கறதில்ல. இங்க கட்டின பல்லு ஒண்ணை நான் இன்னும் பார்க்கலை. அது கடலை கடிக்குமா?"

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். "கடலையா? கல்லையே கடிக்கும்! என் பல்லே இங்க கட்டினதுதான். ஆரம்ப காலத்துல, மாடி எல்லாம் கட்டறதுக்கு முன்னாடி."

"அப்படின்னா ஒண்ணு கடிச்சுக் காட்டுங்களேன்" என்று பல்லுக்காரர் சட்டைப் பையிலிருந்து மாதிரியை எடுத்து நீட்டினார்.

மண்டபம் கழுத்தை நீட்டியது. மறுத்தால் உறவு கெடும். இயக்குநர் ஒரு கடலையை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, வாயில் போட்டுக் கடித்தார். ஒலிவாங்கி கன்னத்தில் ஒட்டியே இருந்தது.

'டக்!'

நாலு மூலையிலிருந்தும் வந்தது அந்தச் சத்தம். பல்லுக்காரர் வாழ்நாளில் அதை அவ்வளவு பெரிதாக, அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. தன்னையறியாமல் கண்ணை மூடினார். எங்கும் ஒரு பிசிறு கிடையாது, இழுவை கிடையாது. எலும்பாகக் காய்ந்த சரக்கு.

அதன் வாலாக இன்னொரு சத்தமும் வந்தது. அது கடலையினுடையது இல்லை. ஆகவே பல்லுக்காரர் அதில் அக்கறை காட்டவில்லை. அங்கேயே கைப்பேசியை எடுத்தார்.

"மாமா, வாங்குங்க. சுத்தமாக் காய்ஞ்ச சரக்கு. ஒரு மூட்டை விடாதீங்க."

"இயந்திரம் ஈரம்னு சொல்லுதே. கடிச்சுப் பாத்தீங்களா மாப்ளே?"

"கடிச்சுப் பாத்தாச்சு மாமா."

"என்னது அங்க யாரோ அலறற மாதிரி இருக்கு?"

"பல் ஆஸ்பத்திரி பக்கத்துல நிக்கறேன் மாமா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அலறியவர் இயக்குநர். உள்ளங்கையில் ஒரு கேப் இரண்டாக உடைந்து கிடந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நாலாவது மாடி! லிஃப்டைத் திற!" என்று சைகையும் சத்தமுமாக ஓடினார். லிஃப்ட் வாசலில் இருந்த பணியாளர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"சார், சான்று?"

"நான் இயக்குநர்யா!"

"தெரியும் சார். நீங்கதானே சார், 'எங்க அப்பாவே வந்தாலும் சான்று இல்லாம விடாதே'ன்னு சொன்னீங்க. உங்க அப்பா போன மாசம் வந்தார். விடலை."

இயக்குநரை இரண்டு பேர் கைத்தாங்கலாக முதல் மாடிக்கு அழைத்துப் போனார்கள். புரிதல் ஆலோசகர் பஞ்சுப் பல்லைக் கையில் எடுத்தார். "சொல்லுங்க சார், கேப்னா என்ன?"

"இதோ, கையில இருக்கு!"

"விளக்கம் வேணும் சார்."

"அந்தப் பாடத்தை எழுதினதே நான்தாம்மா!"

"எழுதினது வேற, புரிஞ்சது வேற. இதுவும் நீங்க எழுதினதுதான் சார். உட்காருங்க."

பின்னால் இருந்து தையல்காரர் மெதுவாக, "லைனிங் மேல துணி, லைனிங் மேல துணி" என்று எடுத்துக் கொடுத்தார். ஆலோசகர் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்தார்.

இந்தக் களேபரத்தில் மூன்றாவது மாடியின் படிக்கட்டுக் கதவை யாரும் கவனிக்கவில்லை. லிஃப்ட் வந்த பிறகு படிக்கட்டு என்று ஒன்று இருப்பதையே மையம் மறந்திருந்தது. கடலைச் சோதனை முடிந்துவிட்டது, மண்டி பிழைத்துவிட்டது, ஆனால் வலி இன்னும் வாயில்தான் இருந்தது. பல்லுக்காரர் ஏறினார்.

நாலாவது மாடியில் ஒரே ஒரு அறை. ஒரே ஒரு சிகிச்சை நாற்காலி. அதன்மேல் போர்த்தி வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. சன்னல் ஓரத்தில் ஒருவர் சின்னக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த டாக்டர்.

"நீங்களா!" என்றார் பல்லுக்காரர்.

டாக்டர் எழுந்து வந்து, ஒரு தடவை சுற்றிலும் பார்த்துவிட்டு, உறையைப் பரபரவென்று கிழித்தார். "வாயைக் காட்டத்தானே வந்தீங்க? நெசமாத்தானே? ஏதாவது கையெழுத்து வாங்க வரலையே?"

"பல்லு வலி டாக்டர்."

"உட்காருங்க, உட்காருங்க." விளக்கைப் போட்டார். "திறங்க."

பல்லுக்காரர் திறந்தார். டாக்டர் அவசரப்படவில்லை. பசியோடு வந்தவர் இலையைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். கடைசியில் வலது கீழ் மூலைக்கு வந்து, கூர்மையான ஒரு சின்னக் கம்பியால் லேசாக நெம்பி, இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார்.

"துப்புங்க."

பல்லுக்காரர் துப்பிவிட்டுப் பார்த்தார். இடுக்கி நுனியில் நகத்துணுக்கு அளவுக்கு ஒரு கடலைத் தோல்.

"பல்லுக்கு ஒண்ணுமில்ல. தோல் ஈறுக்குள்ள போய் மாட்டிக்கிட்டு அழற்சி ஆகியிருக்கு. உப்புத் தண்ணில கொப்பளிங்க, சரியாயிடும். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் கடலை மட்டும் கடிக்காதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." டாக்டர் வருத்தத்தோடு கையுறையைக் கழற்றினார். பிறகு தயங்கித் தயங்கி, "போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை திறங்களேன். சும்மாத்தான். பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

பல்லுக்காரர் நன்றாகவே திறந்தார்.

அன்று சாயங்காலம் மண்டியில் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினார்கள். கடலை கல் மாதிரி உருண்டு ஓடியது. எதிர்க்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு போனார். அப்புறம்தான் மாமனார் இயந்திரத்தைத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு. எந்தத் தானியம் என்று அதில் திருப்பி வைத்துவிட்டு அளக்க வேண்டுமாம். வாங்கிய நாளிலிருந்து அது சோளத்திலேயே நின்றிருந்தது.

"கோணி பின்கட்டுல இருக்குடா" என்றார் மாமனார், மகனைப் பார்த்து.

"வேண்டாம் மாமா" என்று தடுத்தவர் பல்லுக்காரர்தான். "கொஞ்ச நாளைக்கு நான் கடிக்கக் கூடாதாம். யாராவது கடிச்சா போதும், நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கறேன். நம்ம தம்பி பல்லு இளசு. கணீர்னு கேக்கும்."

மச்சினனுக்குக் கோணித் தூசி ஆகாது. ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து தராசுக்குப் பக்கத்தில் மச்சினன் உட்கார்ந்து கடிப்பார். பல்லுக்காரர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, "டக்... இன்னொரு தடவை கடி தம்பி, சரியாக் கேக்கலை" என்பார். கொஞ்ச நாளைக்கு என்று சொன்ன ஏற்பாடு அறுவடை முழுக்க நீடித்தது. ஈறு எப்போதோ ஆறிவிட்டது. டாக்டர் தன்னை மறுபடி வரச்சொல்லவில்லையே, எப்படிக் கடிப்பது என்று பல்லுக்காரர் எங்களிடம் கவலைப்பட்டுக்கொண்டார்.

இயந்திரத்தை மச்சினன் சும்மா விடவில்லை. என்ன இருந்தாலும் மண்டி ரத்தம். அதைத் துடைத்து, மெத்தையோடு தூக்கிக்கொண்டு போய், வாய்நல மேன்மை மையத்திலேயே விற்றுவிட்டு வந்தார். நோயாளியின் வாய்ப் பக்குவத்தை அளக்க உலகத்தரமான கருவி என்று சொன்னாராம். இயக்குநர் அப்போதும் முதல் மாடியில்தான் இருந்தார். வகுப்பிலிருந்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அறுவடையின் கடைசி வாரத்தில் ஒரு நாள், கடலையைக் கடித்த மச்சினன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். எங்கே போவது என்று கைப்பேசியில் தேடினார். நட்சத்திரங்கள் எங்கே கொட்டிக் கிடந்தனவோ அங்கே போனார்.

வரவேற்பில் இருந்த பெண் தன் பல் அத்தனையையும் காட்டினாள். மேஜைமேல், மெத்தையில், பழக்கப்பட்ட ஒரு பெட்டி.

"இதுல ஒரு தடவை ஊதுங்க சார்."

மச்சினன் ஊதினார். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"வாய் ஈரமா இருக்கு சார்" என்றாள் அவள். "இன்னும் பதத்துக்கு வரலை. நல்லாக் காய்ஞ்சதும் வாங்க."